இரும்போடு அலுமினியம் ஒட்டுமா? – பட்டறைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: வேறு வேறு உலோகங்களை எப்படிச் சேர்ப்பது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாய்லர் குழாய் வெல்டிங்கில் வாழ்க்கையைக் கழித்துவிட்டு, இப்போது திருச்சியில் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

*

ஐயா, நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறேன். இரும்பு பில்லரில் அலுமினிய ஆங்கிளை டிக் வெல்டிங்கில் பற்றவைத்தேன். பார்க்க நன்றாகப் பிடித்திருந்தது. மறுநாள் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. என் கையில் கோளாறா, ராடில் (உருக்கிச் சேர்க்கும் வெல்டிங் கம்பியில்) கோளாறா?

இரண்டிலும் இல்லை, தம்பி. உலகத்தில் எவ்வளவு பெரிய கைகாரர் வந்து உட்கார்ந்தாலும் அந்த இணைப்பு அப்படித்தான் விட்டுப்போகும்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். இரும்பு சிவக்கத் தொடங்கும்போதே அலுமினியம் தண்ணீராகி ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் போர்த்தியிருக்கிறது. அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். இதையெல்லாம் சமாளித்து இரண்டையும் ஒரே குளத்தில் உருக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது.

உருகிய அலுமினியத்தில் இரும்பு கரையும். ஆறி இறுகிய அலுமினியத்தில் இரும்புக்கு இடமே கிடையாது, நூற்றில் 0.05 பங்குகூடத் தங்காது. மிச்ச இரும்பெல்லாம் அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு புதுப் பொருளாகிவிடும். இரண்டு இரும்பு அணுவுக்கு ஐந்து அலுமினிய அணு என்ற கணக்கில் உண்டாகும் சேர்மம்தான் அதில் முக்கியமானது. அது இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை. இரும்பைவிடப் பல மடங்கு கடினம். ஆனால் வளையத் தெரியாது. அப்பளம் போல நொறுங்கும். நீங்கள் தட்டியபோது உடைந்தது அந்த அடுக்குதான்.

உடைந்த துண்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஏதாவது மிச்சம் இருந்தால், அதைக் குறுக்காக ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பாருங்கள். அலுமினியத்தில் பிளேடு வெண்ணெயாக இறங்கும்; நடுக்கோட்டுக்கு வந்ததும் ஒரு கணம் வழுக்கும்; பிறகு இரும்பில் மறுபடி கடிக்கும். அறுத்த முகத்தை உப்புத்தாளில் தேயுங்கள். 220 நம்பரில் தொடங்கி 1000 வரைக்கும், ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றி, தண்ணீர் விட்டு. கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல், நடுவில் கருஞ்சாம்பலாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள்ளேயே முடிபோல விரிசல்கள் ஓடும். சுத்தியல் படுவதற்கு முன்பே, ஆறும்போதே அது விட்டிருக்கிறது. இப்படிப்பட்ட துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் பாடமே அந்தப் பெட்டிதான்.

ஆறும்போது ஏன் விடுகிறது என்றால், இரண்டும் சுருங்கும் அளவு வேறு. ஒரு மீட்டர் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்கினால் 23 மைக்ரான் நீளும். இரும்பு 12 மைக்ரான்தான். (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்.) கேட்க ஒன்றுமில்லாத அளவாகத் தெரியும். உங்கள் பஸ்ஸுக்கே கணக்குப் போடுங்கள். காலையில் 25 டிகிரி, மதியம் கரூர் வெயிலில் தகடு 65 டிகிரி. பத்து மீட்டர் நீளத்துக்கு அலுமினியம் 9 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது, இரும்புச் சட்டம் 5 மில்லிமீட்டரைத் தொடவில்லை. இடையில் நிற்கிற நாலு மில்லிமீட்டர் சொச்சத்தை யாராவது தாங்கியாக வேண்டும். வெல்டிங் தாங்காது. ரப்பர் போல இழுபடுகிற பி.யு. (பாலியூரித்தேன்) பசை தாங்கும். கொஞ்சம் இடம் விட்ட ஓட்டையில் போட்ட ரிவெட்டும் ஓரளவு தாங்கும்.

ஆகவே உங்கள் வேலைக்கு வழி பசையும் ரிவெட்டும்தான். அதைக் குறைந்த வேலை என்று நினைக்காதீர்கள். ஜாகுவார் நிறுவனம் 2003-இல் எக்ஸ்.ஜே. காரின் அலுமினிய உடம்பை ஆயிரக்கணக்கான ரிவெட்டும் பசையும் கொண்டுதான் கட்டியது. அங்கே இரண்டு பக்கமும் அலுமினியம், வெல்டிங் அடிக்க முடியும். இருந்தும் ரிவெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகட்டைப் பொருத்துவதற்கு முன்னால் இரும்புச் சட்டத்தை நன்றாகப் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். நடுவே ரப்பர் பட்டையோ பியூட்டைல் டேப்போ கொடுங்கள். பல பட்டறைகளில் அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து இரும்பை வெறுமனே விடுகிறார்கள். அது தலைகீழ் வேலை. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன், ஏனென்றால் அதே விஷயத்தை நாகப்பட்டினத்துக்காரர் வேறு பக்கமிருந்து கேட்டிருக்கிறார்.

*

எங்கள் ஃபைபர் படகில் அலுமினியக் கைப்பிடிச் சட்டத்தை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்றுதான் போட்டோம். போல்ட் புதிதாகவே இருக்கிறது. அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. சில போல்ட்டுகள் கழற்றவே வரவில்லை. ஏன்? – நாகப்பட்டினம்

போல்ட் புதிதாக இருப்பதே காரணம், ஐயா. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு, அவற்றின் மேல் உப்புத்தண்ணீர் பட்டால் அங்கே ஒரு பேட்டரி உண்டாகிவிடுகிறது. டார்ச் லைட் செல்லுக்குள் நடப்பதே படகிலும் நடக்கிறது. இரண்டில் எது எளிதாக எலெக்ட்ரானை விடுமோ அது கரையும். மற்றது பாதுகாப்பாக இருக்கும். அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். எஸ்.எஸ்.ஸைக் காப்பாற்றும் வேலையை உங்கள் கைப்பிடி செய்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைப் பரப்பளவு முடிவு செய்யும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஸ்.எஸ். போல்ட் என்றால், கரைவது பெரிய பரப்பில் பரவிவிடும், சமாளிக்கலாம். பெரிய எஸ்.எஸ். தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் போட்டால் மொத்தக் கரைப்பும் அந்தச் சின்னத் தலையில் இறங்கும். கடலோரத்தில் சீக்கிரமே தலை போய்விடும். கரூர் தம்பிக்கு இரும்பைப் பெயின்ட் அடிக்கச் சொன்னது இதனால்தான். அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து, அதில் எங்கேயோ ஒரு கீறல் விழுந்தால், வெறுமனே கிடக்கும் இரும்புப் பரப்பு முழுவதும் சேர்ந்து அந்த ஒரு கீறலைத் தின்னும். தகட்டில் ஊசிக்குத்தாக ஓட்டை விழும். எது கரையாதோ அதைத்தான் முதலில் மூட வேண்டும். இதைச் சொன்னால் பழைய பெயின்டர்கள்கூட முதலில் நம்ப மாட்டார்கள்.

கடல் இந்தப் பாடத்தை மனிதனுக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை எச்.எம்.எஸ். அலார்ம் என்ற மரக்கப்பலின் அடியில், மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்து காக்கச் செம்புத் தகடு அடித்தது. சுமார் இரண்டு வருஷம் கழித்துக் கப்பலைக் கரையேற்றிப் பார்த்தால், பல இடங்களில் தகடு கழன்று தொங்குகிறது. செம்பு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு காகிதம் செய்த காவல்!

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையிலும் இதே கதைதான், நூறு வருஷம் நீண்ட கதை. 1886-இல் நிறுவிய அந்தச் சிலைக்குத் தோல் செம்பு, உள்ளே தாங்குகிற விலா இரும்பு. இரும்புக்கூட்டை வடிவமைத்த ஐஃபிலின் (பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய அதே ஐஃபில்) ஆட்களுக்கு இரண்டும் தொடக்கூடாது என்று தெரியும். நடுவே அரக்கு ஊறிய ஆஸ்பெஸ்டாஸ் வைத்தார்கள். காலப்போக்கில் அது உதிர்ந்து, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது. இரும்பு துருப்பிடித்து உப்பியது. உப்பிய துரு செம்புத் தோலில் இருந்த ரிவெட்டுகளைப் பிய்த்து வெளியே தள்ளியது. 1980-களில் பழுது பார்த்தபோது பழைய விலாப் பட்டைகளை எடுத்துவிட்டு எஸ்.எஸ். பட்டைகள் போட்டார்கள், செம்போடு தொடும் இடங்களில் டெஃப்லான் வைத்தார்கள்.

உங்கள் போல்ட் கழற்ற வராததற்கும் அந்த உப்பல்தான் காரணம். அலுமினியம் கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடி பழைய உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஓட்டைக்குள் போல்ட்டை ஆப்பு வைத்தது போல் இறுக்கிவிடும். வலுக்கட்டாயமாகத் திருகினால் போல்ட் முறியும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு அலுமினியத்தை மட்டும் ஹாட் ஏர் கன்னால் மெல்லச் சூடு காட்டுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் துடைத்துவிட்டு, ஃபைபரில் சூடு படாமல். அலுமினியம் அதிகம் விரிவதால் ஓட்டை கொஞ்சம் இளகும்.

திரும்பப் போடும்போது போல்ட்டுக்கு நைலான் குழாய் உறை, தலைக்கும் நட்டுக்கும் அடியில் நைலான் வாஷர், மரையில் பின்னால் எளிதாகக் கழலுவதற்கான பேஸ்ட். அந்தப் பேஸ்ட் கிராஃபைட் கலந்ததாகவோ செம்புத்தூள் கலந்ததாகவோ இருக்கவே கூடாது. இரண்டும் அலுமினியத்தை இன்னும் வேகமாகத் தின்ன வைக்கும். பித்தளைக் கொக்கி, பித்தளை ஸ்குரூ எதையும் அந்தச் சட்டத்தில் நேரடியாக மாட்டாதீர்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கத்தைப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். உப்பு இல்லாவிட்டால் பேட்டரி பெரும்பாலும் தூங்கிவிடும்.

*

அலுமினிய பிரஷர் குக்கரின் அடியில் இன்டக்‌ஷன் அடுப்புக்காக ஒட்டியிருந்த ஸ்டீல் தகடு ஓரத்தில் எழும்பி வருகிறது. இங்கே ஒரு பாத்திரப் பழுதுக் கடையில் ரிவெட் அடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? – இல்லத்தரசி, மதுரை

கொடுக்காதீர்கள் அம்மா. குக்கரின் அடியில் ஓட்டை போடும் எந்தப் பழுதும் வேண்டாம். அது நீராவி அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரம். ரிவெட் கசிந்தாலும் ஆபத்து, பிய்ந்தாலும் ஆபத்து.

அந்தத் தகடு எதற்கென்றால், சாதாரண இன்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் பிடிக்கும் உலோகம் வேண்டும். அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது. அதனால் காந்தம் பிடிக்கும் வகை எஸ்.எஸ். தகட்டைத் தொழிற்சாலையில் அடியில் சேர்க்கிறார்கள். இரண்டையும் உருக்கிச் சேர்ப்பதில்லை. ஒரு முறையில், இரண்டையும் உருகாத அளவுக்குச் சூடாக்கி, பெரிய பிரஸ்ஸில் ஓங்கி ஒரே அடி அடிப்பார்கள். அந்த அடியில் மேற்பரப்பு ஆக்சைடு கிழிந்து, சுத்தமான உலோகமும் உலோகமும் முகத்தோடு முகம் பிடித்துக்கொள்ளும். இன்னொரு முறையில், தகடு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அழுத்தும்போது மெத்தென்ற அலுமினியம் அந்த ஓட்டைகளுக்குள் பிதுங்கி ஏறிப் பூட்டிக்கொள்ளும். உங்கள் குக்கரைத் திருப்பிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக வெள்ளை தெரிந்தால் இரண்டாவது வகை.

தண்ணீர் இல்லாமல் காய்ந்த குக்கரில் சட்டென்று பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு உலோகமும் வேறு வேறு அளவில் சுருங்கி ஓரத்தில் பிரியத் தொடங்கும். பிரிந்த இடுக்கில் தண்ணீரும் சோப்பும் நுழையும். அங்கே மேலே சொன்ன பேட்டரி வேலை நடக்கும். பிரிந்ததைத் தெருக் கடையில் மறுபடி ஒட்ட வழியில்லை. இடுக்கில் சிக்கிய தண்ணீர் சூட்டில் ஆவியாகித் தெறிக்கவும் கூடும் என்பதால் கேஸ் அடுப்புக்கும் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டாம். வாரண்டி இருந்தால் கம்பெனிக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

*

இரும்பும் அலுமினியமும் வெல்டிங் ஆகாது என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஆனால் கப்பலில் இரும்பு உடம்பின் மேல் அலுமினிய மாடி இருக்கிறதே, அது எப்படி? – பாலிடெக்னிக் மாணவி, சேலம்

மிக நல்ல கேள்வி மகளே. உருக்கிச் சேர்த்தால் ஆகாது என்பதுதான் சரியான பாடம். உருக்காமல் சேர்க்க முடியும், அதில் எனக்கு மிகவும் பிடித்தது வெடிவைத்துச் சேர்ப்பது.

முதல் உலகப் போரில் வெடித்த குண்டுகளின் சிதறல்கள் இரும்புத் தகடுகளில் குத்திக்கொண்டு நிற்காமல், பற்றவைத்தது போல ஒட்டிக்கிடந்ததைச் சிலர் கவனித்தார்கள். அது 1960-களில் தொழிலாக மாறியது. அமெரிக்க டூபான்ட் நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கியது. வேலை இப்படி நடக்கும்: கீழே இரும்புத் தகடு. அதற்கு மேல் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அலுமினியத் தகடு. அதன் மேல் சீராகப் பரப்பிய வெடிமருந்து. ஒரு ஓரத்தில் பற்ற வைத்தால் வெடிப்பு மறு ஓரம் வரைக்கும் ஓடும். ஓடும் வேகத்தில் மேல் தகடு சாய்வாக மடங்கிக் கீழ்த் தகட்டில் அறையும். அறையும் முனையிலிருந்து ஓர் உலோகப் பீச்சு பாய்ந்து, இரண்டு முகத்திலும் இருந்த ஆக்சைடு, அழுக்கு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். சுத்தமான இரண்டு முகங்கள் பயங்கரமான அழுத்தத்தில் சேர்ந்துகொள்ளும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால், அந்த நொறுங்கும் சேர்மம் கெட்டியாக வளர நேரமே இல்லை. அறுத்துப் பார்த்தால் சேர்ந்த இடம் நேர்கோடாகவும் இருக்காது, அலையலையாக இருக்கும். அந்த அலைப் படத்தை நூலகப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

இப்படிச் சேர்த்த தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டிக் கப்பல் கட்டும் இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வெல்டர் செய்வது எளிது: பட்டையின் இரும்புப் பக்கத்தைக் கப்பலின் இரும்போடும், அலுமினியப் பக்கத்தை அலுமினிய மாடியோடும் வழக்கம் போலப் பற்றவைக்கிறார். அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது, நடுக்கோடு சுமார் 300 டிகிரியைத் தாண்டாமல் இருப்பதுதான். தாண்டினால் அந்தச் சேர்மம் வளர ஆரம்பித்துவிடும். விட்டு விட்டு, ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டுவார்கள்.

உராய்வில் சேர்ப்பது இன்னொரு வழி. 1991-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யு.ஐ. என்ற வெல்டிங் நிறுவனத்தில், சுழலும் முளையை உலோகத்துக்குள் இறக்கி, உருக்காமலே பிசைந்து சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஹோண்டா நிறுவனம் 2012-இல் வெளிவந்த அக்கார்டு காரின் முன்பக்க அடிச்சட்டத்தில், இரும்பையும் அலுமினியத்தையும் இந்த வழியில் சேர்த்துத் தொழிற்சாலை உற்பத்திக்கே கொண்டுவந்தது. மூன்றாவதாக, துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் மிகக் குறைந்த சூட்டில் அலுமினிய ஒயரை மட்டும் உருக்கிப் படியவைக்கும் மிக் (ஒயர் தானாக ஓடிவந்து உருகும் வெல்டிங்) முறையும் இருக்கிறது. அலுமினியப் பக்கம் வெல்டிங், இரும்புப் பக்கம் பித்தளை வைத்துப் பற்றவைப்பது போன்ற ஒட்டு. இரும்பு உருகவே கூடாது.

எந்த முறையை எடுத்தாலும் பொறியாளர்கள் துரத்துவது ஒன்றையே: அந்தச் சேர்ம அடுக்கை 10 மைக்ரானுக்குள் அடக்குவது. அதைவிட மெல்லியதாக இருந்தால் இணைப்பு தாங்கும், தடித்தால் நொறுங்கும். பரீட்சையில் கேட்டால் இதை எழுதுங்கள்.

*

எஸ்.எஸ். கைப்பிடிக் குழாயை எம்.எஸ். (சாதாரண இரும்பு) போஸ்டில் பற்றவைக்க எந்த ராடு? கடையில் 308 கொடுக்கிறார்கள். – தஞ்சாவூர்

309எல் கேட்டு வாங்குங்கள். 308 என்பது எஸ்.எஸ்.ஸோடு எஸ்.எஸ். சேர்க்க. எம்.எஸ். உருகி அதில் கலந்தால் குரோமியமும் நிக்கலும் நீர்த்துப்போய், வெல்டு கெட்டியாகி விரிசல் விடும். 309-இல் குரோமியம் 23, நிக்கல் 13 பங்குக்குப் பக்கத்தில் இருப்பதால் எம்.எஸ். கலந்தாலும் தாங்கும். சாதாரண 6013 ராடால் அடித்துவிட்டுப் பாலீஷ் போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மாடிப்படிக் கைப்பிடி என்பது வயதானவர்கள் பிடித்து ஏறுகிற இடம், அதில் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

2.5 மில்லிமீட்டர் ராடு, குறைந்த ஆம்பியர், எம்.எஸ். பக்கம் அளவாக உருகினால் போதும். எம்.எஸ். அரைத்த கிரைண்டர் சக்கரத்தை எஸ்.எஸ். மேல் வைக்காதீர்கள், ஒட்டிய இரும்புத்தூள் ஒரு மழையில் துருப்புள்ளியாக வெளியே தெரியும்.

எங்கள் பாய்லர் வேலையில் இதுவே இன்னும் கண்டிப்பானது. ஒரு பக்கம் குரோமியம் இரண்டேகால் பங்கு உள்ள இரும்புக் குழாய், மறுபக்கம் எஸ்.எஸ். குழாய், உள்ளே 500 டிகிரிக்கு மேல் நீராவி, வருஷக் கணக்கில். அங்கே 309 வைத்தால் சூட்டில் இரும்புப் பக்கத்துக் கார்பன் மெல்ல நகர்ந்து வெல்டுக்குள் போய், அது விட்டுவந்த இடம் மெத்தென்று ஆகி அங்கே விரிசல் விடும். எஸ்.எஸ். அதிகம் நீளும், இரும்பு குறைவாக நீளும் என்பதால் அந்தச் சந்திப்பில் இழுபறி ஓயாது. அதனால் நிக்கல் அதிகமுள்ள ஒயரைப் போடுகிறோம். கார்பன் அதற்குள் எளிதில் நகராது, சூட்டில் நீளும் அளவும் இரும்புக் குழாயோடு ஒத்துப்போகும். பாய்லர் நின்ற பிறகு எக்ஸ்ரே போடுகிறவர்கள் முதலில் தேடிப் போவது இந்தச் சந்திப்புகளைத்தான்.

*

அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டையில்) அலுமினிய லக்கு (கேபிள் முனையில் மாட்டும் காது) போட்டு முறுக்கினோம். சில மாதத்தில் கருகிவிட்டது. – எலெக்ட்ரீஷியன், திருப்பூர்

அலுமினியமும் செம்பும் நேராகத் தொடாதபடி பைமெட்டல் (இரண்டு உலோக) லக்கு போடுங்கள். கேபிள் நுழையும் பக்கம் அலுமினியம், போல்ட் பக்கம் செம்பு. நடுவில் தொழிற்சாலையிலேயே உராய்வு முறையில் சேர்த்திருப்பார்கள். அலுமினியக் கம்பியை உறை உரித்ததும், ஜாயின்டிங் கம்பவுண்டைத் தடவி, அதன் அடியிலேயே கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வெறுமனே தேய்த்துவிட்டு டீ குடித்து வந்தால் ஆக்சைடு மறுபடி மூடிவிடும். அதன் வழியாக மின்சாரம் போகும்போது சூடு ஏறும். அலுமினியம் இறுக்கத்தில் மெல்ல இளகிக்கொடுக்கும் குணமுள்ளது. அதனால் சரியான அளவு டையில் லக்கை கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்தி இறுக்குங்கள்). போல்ட்டில் குழிந்த ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். மெயினை நிறுத்தி, பூட்டி, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

*

எந்த உலோகத்தையும் லைட்டர் சூட்டில் ஒட்டும் என்று மொபைலில் ஒரு ராடு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? – கோயம்புத்தூர்

அது பெரும்பாலும் துத்தநாகம் கலந்த, 400 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும் ராடு. லைட்டர் போதாது, டார்ச் வேண்டும். சூடாக்குவது ராடை இல்லை, பொருளை. அலுமினியத்தை நன்றாகச் சுரண்டி, சூட்டிலேயே எஸ்.எஸ். பிரஷ்ஷால் தேய்த்தபடி படியவைத்தால், ஜன்னல் ஃபிரேம், மோட்டார் மூடி போன்ற எடை தாங்காத வேலைக்கு உதவும். வெறும் இரும்பில் சரியாகப் பிடிக்காது. வண்டியின் ஸ்டாண்டு, ஏணி, ஜாக்கி, பிரேக் லிவர் எதிலும் அதை நம்பாதீர்கள்.

*

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வெல்டிங் அடித்த ராத்திரி குளிர் ஜுரம் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்கள். – திருநெல்வேலி

பால் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அது புகையைத் தடுக்காது. துத்தநாகப் புகையை மூச்சில் இழுப்பதால் வரும் ஜுரம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், அடுத்த வேலையில் மறுபடி வரும். வெல்டு விழும் இடத்தில் இரண்டு பக்கமும் சில சென்டிமீட்டருக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள், கிரைண்டர் பிடிக்கும்போதும் முகமூடி வேண்டும். காற்று உங்கள் முகத்திலிருந்து வேலையை நோக்கிப் போகும்படி நில்லுங்கள். துணி கட்டினால் போதாது, உலோகப் புகைக்கான முகமூடி வாங்குங்கள். மூச்சு இறுக்கம் இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கூடவே ஒன்று, இதை எல்லாப் பட்டறைக்கும் சொல்கிறேன். வெல்டிங்குக்கு முன் கிரீஸ் எடுக்கச் சிலர் பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிக்கிறார்கள். டப்பாவில் குளோரின் சேர்ந்த கரைப்பான் என்று போட்டிருந்தால், அதன் ஆவி ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் பட்டு ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாகும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உயிரே போகலாம். அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் முழுக்கக் காயவிட்டு, டப்பாவையும் துணியையும் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஹோல்டரை எடுங்கள்.